கருத்தரிப்பு மருந்துகளும் கருப்பையின் உட்படலமும்

சென்ற ஆண்டு நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் எமக்கு எழுதிய கடிதமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அவர் பெயரும் ஊரும் ஈண்டு வேண்டா. அவர்தம் இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம். மணமாகி ஐந்தாண்டு சென்றும் மகப்பேறு வாயாமையின், அவர் மனைவியார் ஓரிடத்தில் வைத்தியம் செய்துகொண்டனர். மாதந்தோறும் ஐந்து நாள் ஒரு மாத்திரை. இங்ஙனம் பதினான்கு மாதம் கழிந்தன. ‘முட்டை நன்கு முதிர்ந்து வெளிப்படுகின்றது, மருந்து வேலை செய்கின்றது’ என்பதே ஒவ்வொரு முறையும் அவர்கட்குக் கிடைத்த விடை. தம்மிடத்துச் செய்த பரிசோதனையிலும் குறையொன்றும் காணப்பெறவில்லை என அவர் குறித்திருந்தார். வீட்டிலுள்ள முதியோரோ, ‘மருந்து பலித்தும் பிள்ளை தங்கவில்லையெனின் குறை அவளுடையதே’ என்று கூறத் தொடங்கிவிட்டனராம். ‘ஐயா, தாங்கள் எங்கட்கு விலங்கியல் கற்பித்தீர்கள். முட்டை முதிர்ந்தும் கரு ஏன் தங்கவில்லை என்பதை எனக்கு விளங்கும்படி எழுதுங்கள்’ என்று கடிதத்தை முடித்திருந்தார்.

யாம் மருத்துவர் அல்லேம். விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியரே. இன்ன மருந்தை உண்க, இன்னதை விடுக என்று கூறும் உரிமை எமக்கில்லை. ஆயினும் அவர் வினவியது மருத்துவரிடம் மட்டுமே கேட்கத்தக்க வினாவன்று. உடலியற் பாடத்தை ஊன்றிக் கற்ற எவர்க்கும் எழக்கூடிய வினாவே. அதற்குரிய விடையின் ஒருபாதி அம்மாத்திரையின் செயலிலேயே மறைந்து கிடக்கின்றது. சூலகத்தில் முட்டையை முதிர்விக்கும் அம்மருந்துதானே, கருப்பையில் கரு வந்து தங்கவேண்டிய இடத்தை மெலிவிக்கவும் வல்லது. இதனை அறியாதார் பலர். அறிந்தும் எடுத்துச் சொல்லாதார் சிலர். இவ்விரு திறத்தாராலும் வருந்துபவள் பெண்ணே. ஆதலின் அக்கடிதத்திற்கு எழுதிய விடையைச் சற்று விரித்து இம்மலரில் வெளியிடுகின்றோம்.

கருப்பையின் சுவர் மூன்று அடுக்குடையது. புறத்தே மெல்லியதோர் உறை. நடுவே தடித்த தசை. அகத்தே மென்பட்டுப் போன்றதொரு படலம். அவ்வுட்படலமே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது. அதனுள்ளும் இரண்டு பகுதிகள் உண்டு. தசையை ஒட்டிய அடிப்பகுதி என்றும் நிலைத்து நிற்கும். அதன்மேல் வளரும் பகுதியே திங்கள்தோறும் மாதவிடாயிற் குருதியோடு கழிவது. நெல்லறுத்த வயலில் நிற்கும் அடித்தாளிலிருந்து மறுதாம்பு தளிர்த்தெழுவதுபோல, எஞ்சிய அடிப்பகுதியிலிருந்து புதிய படலம் மீண்டும் எழுகின்றது. விடாய் முடிந்த நாள்களில் அதன் தடிப்பு 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவே இருக்கும். முட்டை வெளிப்படும் நாளளவில், அஃதாவது ஏறக்குறைய பத்தே நாளில், 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்துவிடும். இத்துணை விரைந்து வளர்ந்து, வேண்டாதபோது தானே உதிர்ந்து, வடுவின்றி மீளவும் தளிர்க்கும் பகுதி நம் உடம்பில் வேறில்லை என்றே கூறலாம்.

இப்படலத்தை இயக்குவது யாது? இதனை விளக்குதற்கு வகுப்பில் யாம் எப்பொழுதும் எடுத்துக்கூறும் ஆராய்ச்சி ஒன்றுண்டு. மார்க்கீ என்னும் அமெரிக்க அறிஞர் 1940ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. அவர் ரீசஸ் குரங்கின் கருப்பை உட்படலத்திலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து, அக்குரங்கின் கண்ணுள்ளேயே, கருவிழிக்கு முன்னுள்ள நீர் நிறைந்த அறையில் ஒட்டி வளரச் செய்தார். கண்ணின் முன்புறம் பளிங்குபோல் தெளிவானதாகலின், அத்துணுக்குகளின் நிலையை நாடோறும் நுண்பெருக்கியால் நேரே காண்டல் இயல்வதாயிற்று. (அவ்வுயிரின் துன்பத்தை நினைந்து மாணவியர் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு, அவர்களை யாம் குறைகூறுவதில்லை.) கண்ணில் நட்ட துணுக்கு, கருப்பையிலுள்ள படலத்தோடு ஒத்த காலத்தில் வளர்ந்தது, ஒத்த காலத்தில் வெளிறியது, ஒத்த காலத்தில் குருதி கசிந்து உதிர்ந்தது. குருதி கசிதற்குச் சில மணிநேரம் முன்னர், திருகுபோற் சுருண்ட நுண்குழல்கள் இறுகி மூடுதலையும் அவர் கண்டார்.

கருப்பையிலிருந்து பெயர்த்துக் கண்ணிற் கொண்டுபோய் வைத்தும் அத்துணுக்கு தன் கடமையை மறந்திலது. எனவே அதனை ஏவும் ஆணை கருப்பையிற் பிறப்பதன்று; குருதியின் வழியே எங்கும் செல்வது என்பது தெளிவு. அவ்வாணையை ஏந்திச் செல்லும் தூதர் இருவர். ஒன்று ஈஸ்ட்ரோஜென், மற்றொன்று புரோஜெஸ்டிரோன். இவை சூலகத்திற் சுரக்கும் ஹார்மோன்கள்.

சினைப்பை என்றும் வழங்கும் சூலகத்தில் ஒவ்வொரு முட்டையும் நீர்க்குமிழ் போன்றதொரு சிறு பையினுள் அடங்கி வளர்கின்றது. வளருங்குமிழ் ஈஸ்ட்ரோஜெனைச் சுரக்கும். அது கருப்பையை அடைந்து உட்படலத்தைத் தழைக்கச் செய்யும். அன்றியும், பின்னர் வரவிருக்கும் புரோஜெஸ்டிரோனை வரவேற்பதற்கான ஏற்பிகளையும் அங்கே அமைத்துவைக்கும். ஏற்பி என்பது உயிரணுவிலுள்ள பூட்டுத்துளை போன்றது. உரிய ஹார்மோன் என்னும் திறவுகோல் அதனுட் புகுந்தாலன்றி அணு யாதும் செய்யாது. முட்டை வெளிப்பட்டபின் வெறுமையான குமிழ் மஞ்சள் நிறமுடைய ஒரு சிறு சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். அதுகாறும் தழைத்துக்கொண்டே வந்த படலம் அப்பொழுது வளர்ச்சியை நிறுத்தி, கருவிற்கு ஊட்டம் சமைக்கும் அடுக்களையாக மாறுகின்றது. சுரப்பிகள் நெளிந்து நிறைகின்றன. இடையிலுள்ள அணுக்கள் பருத்து மெதுமெதுக்கின்றன. நாயிஸ், ஹெர்ட்டிக், ராக் என்னும் மூவர் 1950ஆம் ஆண்டில் இம்மாறுதல்களை நாள்வாரியாக வகுத்து எழுதினர். அவர்தம் முறையைப் பின்பற்றி, தேர்ந்தவர் ஒருவர் படலத்தின் ஒரு துணுக்கை நோக்கியே அது முட்டை வெளிப்பட்ட எத்தனையாம் நாளினது என்று ஏறத்தாழக் கூறுவர்.

இந்நாட்கணக்கு வெறும் அழகிற்கன்று. கரு படலத்தில் ஒட்டிக்கொள்ளத்தக்க காலம் மிகக் குறுகியது; சில நாளே அக்கதவம் திறந்திருக்கும். 1999ஆம் ஆண்டில் வில்காக்சும் அவருடன் உழைத்தாரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆறு வாரமேனும் நிலைத்த 189 கருவுறுதல்களை எடுத்துப் பார்த்தபோது, அவற்றுள் நூற்றுக்கு 84, முட்டை வெளிப்பட்ட 8, 9, 10ஆம் நாள்களிலேயே ஒட்டியிருந்தன. 9ஆம் நாளுக்குள் ஒட்டிய கருக்களில் நூற்றுக்கு 13 தொடக்கத்திலேயே அழிந்தன. 11ஆம் நாளில் ஒட்டியவற்றிலோ பாதிக்கு மேல் அழிந்தன. ஆகவே உட்படலத்திற்கு வேண்டுவன இரண்டு: போதிய தழைப்பு, தவறாத காலம். கருத்தரிப்பு மருந்துகள் இவ்விரண்டில் எதனையும் தொடாமற் செல்வது அரிது.

இனி அம்மாத்திரைக்கு வருவோம். நம் நண்பரின் மனைவியார் உண்டது குளோமிபீன். அது 1956ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் சின்சின்னாட்டி நகரில், மெரல் என்னும் மருந்து நிறுவனத்தாரின் ஆய்வுக்கூடத்தில் இயற்றப்பெற்றது. 1960இல் அதனைப்பற்றி வெளிவந்த செய்தி வியப்புக்குரியது: எலிகளிற் கருத்தரிப்பை அது தடுக்கின்றது என்பதே அச்செய்தி. மறு ஆண்டிலேயே கிரீன்பிளாட்டு என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும், முட்டை வெளிப்படாத பெண்டிர்க்கு அதனைக் கொடுத்து முட்டை வெளிப்படச் செய்தனர். 1967ஆம் ஆண்டு முதல் அமெரிக்க அரசின் ஒப்புதலோடு அது விற்கப்படலாயிற்று. எலிக்குத் தடையாயிருந்தது மாந்தர்க்கு ஏணியாயிற்று என்று அக்காலத்தார் மகிழ்ந்தனர். எலி காட்டிய குறிப்பில் ஒரு பகுதி மாந்தர்க்கும் பொருந்தும் என்பது பின்னரே உணரப்பட்டது.

குளோமிபீன் முட்டையை நேரே தூண்டுவதன்று. அதன் வேலை மூளையில் நிகழ்கின்றது. அதுவும் ஒருவகை ஏமாற்றே. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி, குருதியில் ஈஸ்ட்ரோஜென் எவ்வளவு உண்டு என்பதை ஓயாது நோக்கிக்கொண்டிருக்கின்றது. அது குறைந்தால் பிட்யூட்டரிச் சுரப்பியை ஏவி, முட்டைக் குமிழை வளர்க்கும் ஹார்மோனை மிகுதியாக விடுக்கச் செய்யும், நிறைந்தால் அடக்கிவைக்கும். குளோமிபீனோ ஈஸ்ட்ரோஜெனுக்குரிய பூட்டுத்துளைகளில் தான் புகுந்து நெடுநேரம் அடைத்துக்கொள்கின்றது. அவ்வாறு அடைபட்டபின் ஈஸ்ட்ரோஜென் எத்துணை இருந்தும் ஹைப்போதலாமஸ் அதனை அறிவதில்லை. ‘களஞ்சியம் வெறுமை’ என்றெண்ணிப் பிட்யூட்டரியை விரட்டுகின்றது, ஹார்மோன் பெருகுகின்றது, உறங்கிக்கிடந்த குமிழ் வளர்ந்து முட்டை முதிர்கின்றது. மருந்து வேலை செய்தது என்பது இதனையே.

ஆனால் ஈஸ்ட்ரோஜெனுக்குரிய பூட்டுத்துளைகள் மூளையில் மட்டுமா உள்ளன? கருப்பையின் உட்படலம் முழுவதும் அவை பரவிக் கிடக்கின்றன. மருந்து குருதியிற் கலந்தபின், மூளைக்குச் செல், கருப்பைக்குச் செல்லாதே என்று அதற்குக் கட்டளையிடுவார் யார்? அங்கேயும் சென்று அடைத்துக்கொள்கின்றது. இங்கேதான் ஒரு விந்தை. குளோமிபீன் உண்ட பெண்ணின் குருதியில் ஈஸ்ட்ரோஜென் இயற்கையளவினும் மிகுதியாகவே இருத்தல் கூடும். ஒன்றுக்கு மேற்பட்ட குமிழ்கள் வளர்ந்து அதனைச் சுரக்கின்றனவன்றோ? எனினும் படலம் மெலிந்தே நிற்கின்றது. வாய்க்கால் நிறைய நீர் ஓட, மடை அடைபட்டமையால் வயல் வறண்டு கிடப்பதுபோன்ற நிலை அது. கருப்பையின் கழுத்திலுள்ள வழுவழுப்பான நீரும் சிலர்க்கு இதே காரணத்தாற் குறைந்து தடித்துவிடும். விந்தணுக்கள் நீந்திச் செல்லுதற்கு அது இடையூறாகும்.

மாத்திரையை ஐந்து நாளில் நிறுத்தியபின்னும் இத்தீங்கு நீடிப்பது ஏன் எனின், இம்மருந்து உடம்பை விட்டு எளிதில் நீங்குவதன்று. குளோமிபீன் என்பது ஒன்றல்ல. ஒரே உறுப்புகள் இருவேறு வகையாய்த் திரும்பி நிற்கும் இரு வடிவங்களின் கலப்பு. அவற்றுள் என்குளோமிபீன் ஏறக்குறைய நூற்றுக்கு 62 பங்கு. இது விரைவில் மறையும். சூகுளோமிபீன் எஞ்சிய 38 பங்கு. இது வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். ஒரு மாதத்து மருந்தின் எச்சம் அடுத்த மாதத்திலும் குருதியிற் காணப்படுவதுண்டு. படலம் தழைக்கவேண்டிய நாள்களில் அடைப்பு இன்னும் முற்றும் நீங்கியபாடில்லை.

எல்லார்க்கும் இங்ஙனம் நேர்வதில்லை என்பதை அழுத்திக் கூறவேண்டும். பலர்க்குப் படலம் வேண்டிய அளவு தழைக்கின்றது. இம்மருந்தாற் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் மிகப் பலர். ஒரு சாரார்க்கே அது 7 மில்லிமீட்டருக்கும் குறைந்து நிற்கின்றது. அங்ஙனம் ஒரு மாதம் மெலிந்தார்க்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த மாதங்களிலும் மெலிகின்றது. ஆகவே முதன் மாதத்திலேயே ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்தால் தெரிந்துவிடக்கூடியதை, பாராமையால் பதினான்கு மாதம் அறியாதிருத்தல் கூடும். முட்டைக் குமிழை அளக்கும் அதே ஸ்கேனில் படலத்தின் தடிப்பையும் அளந்து குறித்துக்கொள்ளலாம். தனிச் செலவில்லை, தனி நோவுமில்லை.

குளோமிபீனைப் பற்றிய நூல்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு ஒன்றுண்டு: மருந்துண்ட பெண்டிர் நூற்றுவரில் ஏறக்குறைய எண்பதின்மர்க்கு முட்டை வெளிப்படும், கருவுறுவாரோ நாற்பதின்மரளவே. இவ்விடைவெளிக்கு முழுக் காரணமும் உட்படலமே என்று சாதிப்பாருண்டு. யாம் அங்ஙனம் கருதவில்லை. கருக்குழல் அடைப்பு, ஆணின் குறை, பெண்ணின் வயது, மருந்தைப் பாதியில் விட்டுவிடுதல் ஆகிய பலவும் அவ்விடைவெளியில் அடங்கியுள்ளன. அன்றியும், எக்குறையுமில்லாத இளந்தம்பதியர்க்குங்கூட ஒரு மாதத்திற் கருவுறும் வாய்ப்பு நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கே. முட்டை வெளிப்பட்ட மாதமெல்லாம் பிள்ளை தங்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதே உடலியல் அறியாத எதிர்பார்ப்பு. எனினும் மெலிந்த படலம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அதுவும் மருந்தே விளைத்த காரணம்.

இதனை நீக்க மருத்துவர் பலவழி முயன்றனர். மாத்திரையோடு ஈஸ்ட்ரோஜெனைச் சேர்த்துக் கொடுத்தனர். அடைபட்ட மடைக்கு மேலும் நீர் பாய்ச்சுவதாகிய அம்முறை ஒருபடித்தான பயன் தரவில்லை. மாத்திரையைச் சிலநாள் முன்னரே தொடங்கி, அடைப்பு நீங்க இடம்விட்டனர். ஆறு முறைக்குமேல் கொடுத்துப் பயனில்லையென நிறுத்தி வேறுவழி நாடுதலும் பொதுவழக்காயிற்று. இவற்றினும் சிறந்த வழி, பூட்டுத்துளையை அடையாத வேறொரு மருந்தைத் தேடுவதேயன்றோ?

அம்மருந்து எதிர்பாராத இடத்திற் கிடைத்தது. லெட்ரோசோல் என்பது மார்பகப் புற்றுநோய்க்காக ஆக்கப்பெற்றது. உடம்பில் ஈஸ்ட்ரோஜெனை ஆக்கும் அரோமடேஸ் என்னும் நொதியை அது தடுத்து நிறுத்தும். கனடா நாட்டு டொராண்டோ நகரில் மிட்வாலி, காஸ்பர் என்னும் இருவர் 2001ஆம் ஆண்டில் அதனை முட்டை முதிர்வித்தற்குப் பயன்படுத்தி எழுதினர். அவர் எண்ணியது இது: மூளையை ஏமாற்றுவானேன்? ஐந்துநாள் ஈஸ்ட்ரோஜெனை உண்மையாகவே குறைத்துவிட்டால், மூளை தானே பிட்யூட்டரியை ஏவுமே! மாத்திரையை நிறுத்தியதும் இம்மருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து விரைவில் நீங்கிவிடும். ஈஸ்ட்ரோஜென் மீண்டும் சுரக்கும். பூட்டுத்துளைகளோ ஒன்றும் அடைபடாமல் திறந்தே இருக்கும். வாய்க்காலின் நீரைத் தலைமடையிற் சிலநாள் நிறுத்திப் பின் திறந்துவிட்டதுபோல, படலம் தாமதித்தேனும் தழைத்துவிடுகின்றது. குமிழும் பெரும்பாலும் ஒன்றே வளருமாகலின் இரட்டைப்பிள்ளை அச்சமும் குறைவு.

இம்மருந்தின் வரலாறு நம் நாட்டோடும் தொடர்புடையது. 2005ஆம் ஆண்டில் கனடாவிலிருந்து வந்த ஒரு சுருக்க அறிக்கை, இதனாற் பிறந்த குழந்தைகட்கு உறுப்புக்குறை மிகும்போலும் என்று அச்சுறுத்தியது. மறு ஆண்டிலேயே 911 குழந்தைகளை ஆராய்ந்து வெளிவந்த கட்டுரை, குளோமிபீனாற் பிறந்தவர்களைக் காட்டிலும் இவர்களிடம் அத்தகைய குறை மிகுதியில்லை எனக் காட்டிற்று. எனினும் அச்சம் எளிதில் அடங்கவில்லை. 2011ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய அரசாங்கம் மகப்பேற்றிற்காக லெட்ரோசோலை வழங்குதலைத் தடைசெய்தது; சில ஆண்டு கழித்தே அத்தடை நீங்கிற்று. இடையில் நம் நாட்டுப் பெண்டிர் எத்துணையோபேர், படலம் மெலிவது தெரிந்தும் பழைய மாத்திரையையே உண்ண நேர்ந்திருக்கும். அரசினர் எச்சரிக்கையாயிருத்தல் நன்றே. ஆனால் எச்சரிக்கைக்கும் ஒரு விலையுண்டு, அதனைக் கொடுப்பார் எண்ணப்படுவதில்லை.

2014ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லெக்ரோவும் அவர்தம் குழுவினரும் ஒரு பெரிய ஆய்வின் முடிபை வெளியிட்டனர். மக்கள் ‘நீர்க்கட்டி’ என்று கூறும் சூலகக் கோளாறுடைய 750 பெண்டிரை இரு பிரிவாக்கி, ஐந்து மாதம் வரை ஒரு சாரார்க்குக் குளோமிபீனும் மற்றவர்க்கு லெட்ரோசோலும் கொடுத்தனர். குளோமிபீன் உண்டாருள் நூற்றுக்கு 19.1 பெயரும், லெட்ரோசோல் உண்டாருள் நூற்றுக்கு 27.5 பெயரும் மகப்பெற்றனர். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த அனைத்துநாட்டு வழிகாட்டி நூலும் இக்கோளாறுடையார்க்கு லெட்ரோசோலையே முதல் மருந்தாகக் கூறிற்று.

இத்துடன் நிறுத்தினால் கதை இனிதாய் முடியும். ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோராய்வு, இன்ன குறையென்று கண்டறிய இயலாத 900 தம்பதியரைப் பற்றியது. அவர்கட்கு முட்டை மாதந்தோறும் தானே வெளிப்படுவதுண்டு. அங்கே குளோமிபீனால் மகப்பெற்றார் நூற்றுக்கு 23.3, லெட்ரோசோலால் 18.7 மட்டுமே. படலத்தை மெலிவிக்கும் மருந்து அவ்விடத்துப் பின்தங்கவில்லை. சற்று முந்தியே நின்றது! ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகளை அது முதிர்விப்பது அத்தகையார்க்குத் துணைசெய்திருத்தல் கூடும். ஆகவே தடிப்பு ஒன்றையே கொண்டு மருந்துகளை உயர்ந்ததென்றும் தாழ்ந்ததென்றும் தீர்ப்பளித்தல் தவறு. 6 மில்லிமீட்டர்ப் படலத்தில் தங்கி வளர்ந்த குழந்தைகளும் உளர். 11 மில்லிமீட்டரில் தங்காதனவும் உள. மில்லிமீட்டர் என்பது ஒரு குறிப்பேயன்றி விதியன்று. ஸ்கேன் தாளில் 6 என்று கண்டமாத்திரத்தே மனமிடிந்துபோவாரை யாம் அறிவோமாதலின் இதனைக் கூறுகின்றோம்.

மாத்திரையிற் பயன்பெறாதார்க்கு ஊசிமருந்துகள் உண்டு. அவற்றின் தொடக்கமும் சுவையானது. மாதவிடாய் நின்ற பெண்டிரின் சிறுநீரில், குமிழை வளர்க்கும் பிட்யூட்டரி ஹார்மோன் மிகுதியாய்க் கழிகின்றது. அதனைப் பிரித்தெடுக்கும் முறையை இத்தாலியரான டோனினி 1949ஆம் ஆண்டில் வகுத்தார். பின்னர் மருந்தாக்கப் பேரளவு சிறுநீர் வேண்டியபோது, இத்தாலிய நாட்டுக் கன்னிமாடங்களில் வாழ்ந்த முதிய துறவியரிடமிருந்து அது திரட்டப்பெற்றது. தாம் மகப்பேற்றைத் துறந்த அவ்வன்னையர் பிறர் தாயாதற்கு உதவினர்.

இவ்வூசிகள் பூட்டுத்துளையை அடைப்பனவல்ல. ஆதலின் படலம் தழைப்பதிற் குறைவில்லை. இங்கே பிழைப்பது காலம். சோதனைக்குழாய் முறைக்காகப் பத்துப் பதினைந்து குமிழ்களை ஒருங்கே வளர்த்தால், அவையெல்லாம் சுரக்கும் ஹார்மோன் பெருவெள்ளமாகின்றது. முட்டைகளை எடுப்பதற்கு முன்னரே புரோஜெஸ்டிரோன் சிலர்க்கு உயர்ந்துவிடும். அதனாற் படலம் தன் நாட்கணக்கில் முந்திவிடுகின்றது. கருவிற்கு அகவை ஐந்து நாளெனின் படலத்திற்கு ஏழு நாள் ஆகிவிடக்கூடும். விருந்தினர் வருமுன்னே பந்தி முடிந்து இலையெடுத்தது போன்ற நிலை.

இதற்குக் கண்ட வழி, கருவை உறையவைத்து, ஊசிமருந்தின் வெள்ளம் வடிந்தபின் வேறொரு மாதத்தில் அமைதியான படலத்தில் இடுவது. இதனைச் சீன நாட்டில் இருமுறை பெரிய அளவில் ஆராய்ந்தனர். நீர்க்கட்டிக் கோளாறுடைய 1508 பெண்டிரிடம் 2016இல் வெளிவந்த ஆய்வில், உறையவைத்த கருவினால் நூற்றுக்கு 49.3 பெயரும், உடன் இட்ட கருவினால் 42.0 பெயரும் மகப்பெற்றனர். அக்கோளாறில்லாத பெண்டிரிடம் 2018இல் வெளிவந்த ஆய்விலோ இருமுறைக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. குமிழ்கள் மிகப்பல வளர்வார்க்கே படலத்தின் குழப்பமும் மிகுதி என்பதற்கு இஃதொரு குறிப்பு என யாம் கொள்கின்றோம்.

மேலே நிலம், வயல், மடை என்று உவமைகள் கூறினோம். அவ்வுவமைக்கும் ஓர் எல்லையுண்டு. பெண்ணை வெறும் நிலமாகவும் ஆணை வித்துடையானாகவும் எண்ணிய பழைய எண்ணமே, விளையாவிடின் நிலத்தைப் பழிக்கும் வழக்கத்தைத் தந்தது. வித்திற் பாதி பெண்ணுடையது என்பதை நுண்பெருக்கி காட்டி நூற்றாண்டு கடந்தும், மலடி என்னும் சொல் வழங்கும் அளவிற்கு மலடன் என்னும் சொல் நம்மவர் வாயில் வழங்கக் காணோம். மருந்தினால் நேர்ந்த மெலிவையும் அவள் கணக்கிலேயே எழுதுவது இவ்வழக்கத்தின் இன்னொரு கிளை.

நண்பருக்கு யாம் எழுதிய விடையில், அடுத்தமுறை மருத்துவரைக் காணும்போது முட்டை முதிர்ந்ததா என்பதோடு நில்லாமல், முட்டை வெளிப்படும் நாளளவிற் படலம் எத்துணை மில்லிமீட்டர் என்று கேட்டறியுமாறும், அது முந்திய மாதங்களிலும் அளக்கப்பெற்றதா என்று வினவுமாறும், பதினான்கு முறை ஒரே மருந்தைக் கொடுத்ததற்குக் காரணம் யாதென்று பணிவோடு கேட்குமாறும், கருக்குழல் சோதிக்கப்பெறாதிருப்பின் அதனையும் நினைவூட்டுமாறும் எழுதினோம். மருந்தைத் தாமே மாற்றிக்கொள்ளற்க என்பதையும் சேர்த்தோம்.

மூன்று மாதங்கழித்து மறுமொழி வந்தது. வேறொரு மருத்துவரிடம் சென்றனராம். ஸ்கேனில் படலம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருந்ததாம், மாத்திரை மாற்றப்பட்டிருக்கின்றது, மாற்றியபின் 8 ஆயிற்று. கரு தங்கியதா என்பதை அவர் எழுதவில்லை, யாமும் கேட்கவில்லை. எமது கடிதத்தைத் தம் அன்னையார்க்குப் படித்துக்காட்டினாராம். அவ்வம்மையார் குமிழும் ஏற்பியும் பற்றிய பகுதியையெல்லாம் பொறுமையோடு கேட்டிருந்து, ‘அப்படியானால் அது மாத்திரை செய்த வேலையா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, மருமகள் இருந்த அடுக்களைக்கு எழுந்து சென்றனராம்.